பழைய கம்பெனிக்கு ஃபோன் போகுமா?

வேலை மாறுகிறவர்கள் சொல்லும் முன்அனுபவத்தைப் புதிய கம்பெனி எப்படிச் சரிபார்க்கிறது என்று போன இதழில் போகிறபோக்கில் இரண்டு வரி எழுதிவிட்டேன். அவ்வளவுதான், வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான். சரி, இந்த இதழ் முழுக்க அதற்கே வைத்துக்கொள்வோம். நான் பன்னிரண்டு வருடம் சென்னையில் ஹெச்ஆர் பக்கம் உட்கார்ந்திருந்தவன், அதில் ஐந்து வருடம் இந்த பிஜிவி வேலைதான், அதாவது வருகிறவர் சொல்வது நிஜமா என்று தோண்டிப் பார்ப்பது. பெயர் போட வேண்டாம் என்று எல்லோருமே கேட்டிருந்ததால் ஊர் மட்டும்.

2022-இல் ஒரு கம்பெனியில் நான்கே மாதம் இருந்தேன், பிடிக்காமல் வந்துவிட்டேன். ரெஸ்யூமேயில் அதைப் போடவில்லை. இடைவெளி தெரியக்கூடாது என்று அதற்கு முந்தைய கம்பெனியில் நான்கு மாதம் கூடுதலாக இருந்ததாகப் போட்டுவிட்டேன். இப்போது நல்ல இடத்தில் ஆஃபர் வந்திருக்கிறது, ஃபார்மில் பிஎஃப்பின் யூஏஎன் நம்பர் கேட்கிறார்கள். மாட்டிக்கொள்வேனா சார்?
*நாமக்கல்*

அந்த நான்கு மாதமும் பிஎஃப் பிடித்திருந்தார்கள் என்றால், மாட்டிக்கொள்வீர்கள். சுற்றி வளைத்துச் சொல்லிப் பிரயோஜனம் இல்லை.

2014-க்கு முன்னால் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு பிஎஃப் நம்பர் இருந்தது, ஒன்றை மறைத்தால் மறைந்தே போகும். அந்த வருடம்தான் 12 இலக்க யூஏஎன் வந்தது. எத்தனை கம்பெனி மாறினாலும் ஆளுக்கு ஒரே நம்பர். அந்த நம்பருக்குள் போனால் சர்வீஸ் ஹிஸ்டரி என்று ஒரு பக்கம் இருக்கும்: கம்பெனியின் பெயர், சேர்ந்த தேதி, விலகிய தேதி. நீங்கள் விட்ட கம்பெனி அதில் நடுவில் உட்கார்ந்திருக்கும். நாங்கள் ரெஸ்யூமேயை ஒரு பக்கமும் அந்தப் பக்கத்தை இன்னொரு பக்கமும் வைத்து, ஸ்கேல் வைத்துக் கோடு போடாத குறையாக வரி வரியாகப் பார்ப்போம். இதற்குப் பெரிய துப்பறியும் மூளையெல்லாம் தேவையில்லை, புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள்கூட ஐந்து நிமிடத்தில் பிடித்துவிடுவார்கள்.

உங்கள் விஷயத்தில் இரண்டு தப்பு இருக்கிறது, இரண்டும் ஒரே எடை இல்லை. நான்கு மாத வேலையை விட்டுவிட்டதை யாரும் பெரிய குற்றமாகப் பார்க்க மாட்டார்கள், "சின்ன காலம், சம்பந்தமில்லாத வேலை, அதனால் போடவில்லை" என்றால் கேட்டுக்கொள்வார்கள். முந்தைய கம்பெனியின் தேதியை நீட்டியது அப்படி இல்லை. விட்டதை மறதி என்று சொல்லலாம், நீட்டியதை எப்படி மறதி என்று சொல்வீர்கள்? அதனால் ஃபார்மை நிரப்புவதற்கு முன்னால், இன்றைக்கே, உங்களுக்கு ஆஃபர் கொடுத்த ஹெச்ஆருக்கு ஒரு மெயில் போடுங்கள். ரெஸ்யூமேயில் இந்தத் தேதி தவறு, சரியான தேதி இது, இடையில் இந்தக் கம்பெனியில் இத்தனை மாதம் இருந்தேன், ஆதாரம் இணைத்திருக்கிறேன். நான்கு வரி போதும். குடும்பக் கஷ்டம், உடல்நலம் என்று கதை சேர்க்காதீர்கள். நான் பார்த்தவரை, தானாக வந்து சொன்னவர்களில் ஆஃபர் போனவர்கள் மிகக் குறைவு. சரிபார்ப்பு ரிப்போர்ட்டில் சிவப்பு, அதாவது சொன்னது பொருந்தவில்லை என்ற முடிவு, விழுந்த பிறகு சொன்னவர்களின் கதை வேறு.

இன்னொன்றும் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய கம்பெனி உங்கள் விலகல் தேதியைப் பிஎஃப்பில் பதியாமலே விட்டிருக்கலாம், அப்போது ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் வேலை பார்த்த மாதிரி தெரியும். 2022 செப்டம்பரில், போட்டிக் கம்பெனிகளுக்கும் சேர்த்து வேலை பார்த்த 300 பேரைக் கண்டுபிடித்து அனுப்பிவிட்டதாக விப்ரோ தலைவர் ரிஷாத் பிரேம்ஜி சொன்னார் இல்லையா, அதிலிருந்து தேதி ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருந்தாலே ஹெச்ஆர்காரர்களுக்குக் காது விடைத்துக்கொள்கிறது. பழைய கம்பெனியிடம் கெஞ்ச வேண்டியதில்லை. கடைசிச் சந்தா கட்டி இரண்டு மாதம் கழிந்திருந்தால் விலகல் தேதியை நீங்களே உங்கள் யூஏஎன் கணக்கில் பதியலாம், 2020 ஜனவரியிலிருந்து அந்த வசதி இருக்கிறது. அப்புறம், பிஎஃப் பாஸ்புக்கை பிடிஎஃப்பாக இறக்கி அனுப்புங்கள். பாஸ்வேர்டை மட்டும் யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள், சரிபார்க்கும் ஏஜென்சியே கேட்டாலும்.

பழைய மேனேஜரோடு எனக்குப் பெரிய தகராறு. புதிய கம்பெனி அவருக்கு ஃபோன் போட்டால் என்னைக் கவிழ்த்துவிடுவார். என்ன செய்யலாம்?
*கோயம்புத்தூர்*

முறையான சரிபார்ப்பு உங்கள் மேனேஜரிடம் போகாது, பழைய கம்பெனியின் ஹெச்ஆருக்கு மெயிலாகப் போகும். நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ஒப்புதல் கடிதமும் கூடவே போகும். கேட்பது என்ன? எம்ப்ளாயி நம்பர், பதவி, சேர்ந்த தேதி, விலகிய தேதி, கடைசிச் சம்பளம், ஏன் விலகினார், கணக்கு முடித்தாயிற்றா, மறுபடி எடுத்துக்கொள்வீர்களா. பெரிய கம்பெனிகள் இதில் பாதிக்குத்தான் பதில் சொல்லும், தேதியும் பதவியும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளும். சில இடங்களில் மனுஷரே கிடையாது, எம்ப்ளாயி நம்பரைப் போட்டால் கம்ப்யூட்டரே ஆமாம், இல்லை என்று சொல்லிவிடும். உங்கள் மேனேஜர் எவ்வளவு கோபக்காரராக இருந்தாலும் அதற்குள் நுழைந்து திருத்த முடியாது.

கடைசிக் கேள்வியில்தான் கொஞ்சம் விஷயம் இருக்கிறது. "மறுபடி எடுப்பீர்களா" என்ற இடத்தில் இல்லை என்று இருந்தால் ரிப்போர்ட் பச்சையாக வராது, ஆம்பர் என்பார்கள், மஞ்சள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய ஹெச்ஆரில் தெரிந்தவர் இருந்தால் உங்கள் ரெக்கார்டில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.

ரெஃபரன்ஸ் என்று இரண்டு பெயர் கேட்பார்களே, அது தனி. அதில் அந்த மேனேஜர் பெயர்தான் போட வேண்டும் என்று கட்டாயமில்லை, உங்கள் வேலையை நேரில் பார்த்த வேறு சீனியர் போதும். ஆனால் ஒன்று, உங்களை எடுக்கப்போகிற மேனேஜரும் பழைய மேனேஜரும் ஒரே கல்லூரியாக இருந்து, சாயங்காலம் டீ குடித்துக்கொண்டே விசாரித்தால் அதை எந்த ஃபார்மும் தடுக்காது. கோயம்புத்தூரில் இது நடக்கவே நடக்காது என்று என்னால் சொல்ல முடியவில்லை!

இப்போதைய கம்பெனியில் இன்னும் ராஜினாமா கொடுக்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஃபார்மில் "இப்போது தொடர்புகொள்ளலாமா" என்ற கட்டம் இருக்கும், அதில் இல்லை என்று போடுங்கள். அதைக் கவனிக்காமல் டிக் அடித்துவிட்டு, மறுநாள் சொந்த ஹெச்ஆர் கூப்பிட்டு "எங்கேயோ போறீங்களாமே" என்று கேட்டு முழித்தவர்களை எனக்குத் தெரியும்.

நான்கு வருடம் ஒரு பெரிய கார் கம்பெனி பிளாண்டில் வேலை. அவர்கள் யூனிஃபார்ம், அவர்கள் பஸ், அவர்கள் கேன்டீன். சம்பளம் மட்டும் ஒரு கான்ட்ராக்ட் கம்பெனி போட்டது. ரெஸ்யூமேயில் கார் கம்பெனி பெயரைப் போட்டேன், "இப்படி ஒருவர் எங்களிடம் இல்லை" என்று பதில் வந்துவிட்டதாம். நான் பொய் சொல்லவில்லையே!
*ஸ்ரீபெரும்புதூர்*

நீங்கள் பொய் சொல்லவில்லை, ஆனால் ரிப்போர்ட்டில் அப்படித்தான் விழும். இந்த ஒரு குழப்பத்தில் மட்டும் எத்தனை நல்ல பிள்ளைகள் வேலையை இழந்தார்கள் என்று நினைத்தால் இன்றைக்கும் வருத்தமாக இருக்கிறது, ஐடியிலும் இதே கதைதான், தேர்ட் பார்ட்டி பேரோல் என்று பெயர். யார் உங்களுக்குப் பிஎஃப் கட்டினார்களோ, யார் பேஸ்லிப் கொடுத்தார்களோ அவர்கள்தான் உங்கள் முதலாளி. கழுத்தில் தொங்கிய அட்டையில் யார் பெயர் இருந்தது என்பது கணக்கில் வராது.

ரெஸ்யூமேயில் முதல் வரியில் கான்ட்ராக்ட் கம்பெனியின் பெயர், அதன் கீழே "பணி செய்த இடம்" என்று கார் கம்பெனியின் பெயர், லைன் எது, ஷாப் எது என்று எழுதுங்கள். இப்போதைக்கு ஹெச்ஆரிடம் பேஸ்லிப்பையும், பிளாண்ட் கேட் பாஸையும், பிஎஃப் பாஸ்புக்கையும் சேர்த்துக் கொடுத்து மறுபடி சரிபார்க்கச் சொல்லுங்கள். இந்தக் குழப்பத்தை ஒருமுறையாவது பார்க்காத ஹெச்ஆர் இருக்க மாட்டார், விளக்கினால் புரிந்துகொள்வார்.

பனியன் கம்பெனியில் ஆறு வருடம் மெர்ச்சண்டைசராக இருந்தேன். சம்பளம் கையில் கவர் போட்டுத் தருவார்கள். பிஎஃப் இல்லை. முதலாளி இறந்துபோய் கம்பெனியையும் மூடிவிட்டார்கள். நான் அங்கே வேலை பார்த்தேன் என்பதற்கு என்னிடம் ஒன்றுமே இல்லை.
*திருப்பூர்*

ஒன்றுமே இல்லை என்று உங்களுக்குத் தோன்றும், தேடினால் கிடைக்கும். பிஎஃப் சட்டம் பொதுவாக 20 பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்துக்கு, ஈஎஸ்ஐ என்கிற தொழிலாளர் மருத்துவக் காப்பீடு 10 பேர் இருந்தாலே வந்துவிடும். உங்கள் மாதச் சம்பளம் 21,000-க்குள் இருந்த வருடங்களில் ஈஎஸ்ஐ பதிந்திருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள், டிஸ்பென்சரிக்கு என்று ஒரு அட்டை கொடுத்து அதை நீங்கள் பீரோவில் போட்டு மறந்திருக்கவும்கூடும்.

அப்புறம் உங்கள் மெயில் பெட்டி. மெர்ச்சண்டைசர் என்றால் பையருக்கு, அதாவது ஆர்டர் கொடுக்கிறவருக்கு, மெயில் போடாமல் ஒரு நாள் போகாது. சாம்பிள் அப்ரூவல், ஷிப்மென்ட் தேதி, நூல் விலை ஏறிவிட்டது என்று இழுபறி, எல்லாவற்றின் கீழும் உங்கள் பெயரும் கம்பெனி பெயரும் இருக்கும். வருடத்துக்கு நான்கு மெயில் எடுத்தால் ஆறு வருடத்துக்கு ஒரு கோப்பு ஆகிவிடும். முதலாளியின் மகனோ கணக்குப் பிள்ளையோ இருந்தால், பழைய ஜிஎஸ்டி நம்பர் உள்ள லெட்டர்பேடில், அவர் ஃபோன் நம்பரோடு ஒரு கடிதம் வாங்குங்கள். முக்கியமாக, அதில் இன்றைய தேதியைப் போடச் சொல்லுங்கள். கம்பெனி ஓடிக்கொண்டிருந்த காலத்துத் தேதியை முன்தேதியிட்டுப் போட்டால் நிஜமும் பொய்யாகிவிடும்.

மூடிய கம்பெனி என்றால் ரிப்போர்ட்டில் "சரிபார்க்க இயலவில்லை" என்று வரும். அது சிவப்பு இல்லை. எடுப்பதும் விடுவதும் புதிய முதலாளியின் இஷ்டம், நீங்கள் முன்கூட்டியே "கம்பெனி மூடியாயிற்று, இதோ என்னிடம் உள்ளவை" என்று சொல்லியிருந்தால் பெரும்பாலும் எடுத்துக்கொள்வார்கள். திருப்பூரிலேயே வேலை தேடினால் இது எதுவுமே வேண்டியதில்லை, ஒரு பையர் உங்களைத் தெரியும் என்றாலே போதும் என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

என் மகன் பி.இ. முடித்து இரண்டு வருடமாக வேலை இல்லை. சென்னையில் ஒரு கன்சல்டன்சியில் 80,000 ரூபாய் கட்டினால் மூன்று வருட அனுபவம் இருப்பதாகச் சான்றிதழ், சம்பளச் சீட்டு, பிஎஃப் எல்லாம் தருகிறார்களாம். எல்லாப் பிள்ளைகளும் இப்படித்தான் சேருகிறார்கள் என்கிறான். நகையை வைத்துக் கொடுக்கலாமா?
*விருதுநகர்*

வைக்காதீர்கள் அம்மா.

எல்லோரும் இப்படித்தான் சேருகிறார்கள் என்பது அந்தக் கன்சல்டன்சிக்காரன் சொல்லிக்கொடுத்த வசனம். நான் நேரில் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு பையன் 2016 மார்ச் தேதி போட்ட ஆஃபர் லெட்டர் கொண்டுவந்தான். நல்ல கனமான தாள், நீல முத்திரை, கையெழுத்து, எல்லாம் பக்கா. லெட்டர்பேடின் அடியில் ஜிஎஸ்டி நம்பர் அச்சடித்திருந்தது. ஜிஎஸ்டியே 2017 ஜூலை முதல் தேதிதான் வந்தது! அதோடு விட்டதா, கம்பெனிப் பதிவு எண் என்று 21 எழுத்தில் ஒன்று இருக்கும், அதற்குள்ளேயே கம்பெனி பதிவான வருடமும் மாநிலமும் இருக்கும். அதில் டிஎன் 2019 என்று இருந்தது. 2019-இல் பிறந்த கம்பெனி 2016-இல் எப்படி ஆள் எடுக்கும்? சரி, கேட்டுவிடுவோம் என்று லெட்டரில் இருந்த லேண்ட்லைனுக்கு அடித்தேன். ஒரு அம்மா எடுத்தார், பின்னால் குக்கர் விசில். "ஹெச்ஆரா? லைன்ல இருங்க" என்று சொல்லிவிட்டு, வாயைப் பொத்தாமலே "ஏங்க, அந்த சர்டிபிகேட் ஃபோனுங்க" என்று கூப்பிட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் அந்தப் பையனின் முகம் ஞாபகம் வந்தது. தேனிப் பக்கம் எங்கேயோ இதே மாதிரி ஒரு அம்மா நகையை வைத்திருப்பார்.

பிஎஃப் கட்டித் தருகிறோம் என்பதும் வலை. பாஸ்புக்கில் எந்த மாதச் சம்பளத்துக்கு என்பதும் இருக்கும், பணம் எந்தத் தேதியில் வந்தது என்பதும் இருக்கும். மூன்று வருடத்துக்கும் சேர்த்து ஒரே வாரத்தில் பணம் விழுந்திருந்தால் பார்க்கிறவனுக்குத் தெரியாதா? பேங்க் ஸ்டேட்மென்டில் சம்பளம் வந்த சுவடு இருக்காது. ஐடி வேலைக்கு வருகிறவர் சொல்லும் சம்பளத்துக்கு வருமான வரி பிடித்திருந்தால் 26ஏஎஸ் படிவத்தில் கம்பெனி பெயரோடு இருக்க வேண்டும், அதுவும் இருக்காது.

இதெல்லாம் தாண்டிச் சில பிள்ளைகள் உள்ளே போய்விடுகிறார்கள், மறுக்கவில்லை. கொடுமை அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஒன்றரை வருடம் கழித்து ஏதோ ஒரு கிளையன்ட் மறுபடி ஒருமுறை எல்லோரையும் சரிபார்க்கச் சொல்வார், இல்லை அந்தக் கன்சல்டன்சியே எங்காவது பிடிபட்டு அதன் பெயர் கம்பெனிகளின் கறுப்புப் பட்டியலில் ஏறும். அன்றைக்கே லேப்டாப்பை வாங்கிக்கொண்டு வாசல் வரை கொண்டுவந்து விடுவார்கள், ரிலீவிங் லெட்டர் கிடையாது. அந்த ஒன்றரை வருடம் அவன் உண்மையாகவே ராப்பகலாக உழைத்திருப்பான், பொய்யான மூன்று வருடத்தோடு இந்த நிஜ அனுபவமும் சேர்ந்து போய்விடும். ஏமாற்றுவதற்காகப் போலி ஆவணம் தயாரிப்பது பாரதிய நியாய சன்ஹிதா 336-ஆவது பிரிவின்படி ஏழு வருடம் வரை சிறைக்குரிய குற்றம், தெரிந்தே அதைக் காட்டுகிறவருக்கும் அதே கதிதான். கம்பெனிகள் பெரும்பாலும் போலீஸ் வரை போவதில்லை என்பதை நம்பி மகனை அனுப்பாதீர்கள்.

இரண்டு வருட இடைவெளி ஒன்றும் தீட்டு இல்லை. மத்திய அரசின் அப்ரண்டிஸ் திட்டத்தில் பட்டதாரிகளுக்கு ஒரு வருடப் பயிற்சி உண்டு, மாதம் உதவித்தொகையும் தருவார்கள். தென்மண்டலத் தொழிற்பழகுநர் வாரியம் சென்னை தரமணியில்தான் இருக்கிறது, பதிவை ஆன்லைனிலேயே செய்யலாம். முடித்தால் கிடைப்பது அரசுச் சான்றிதழ். யார் ஃபோன் போட்டுக் கேட்டாலும் அதற்குக் குக்கர் விசில் கேட்காது.

தனியார் இன்ஜினியரிங் கல்லூரியில் ஐந்து வருடம் உதவிப் பேராசிரியர். விலகும்போது ஒரிஜினல் சான்றிதழ்களைத் தர மறுக்கிறார்கள், அனுபவச் சான்றிதழும் தரவில்லை.
*சேலம்*

கல்லூரிகள் பற்றிப் பேச ஆரம்பித்தால் என் ரத்த அழுத்தம் ஏறும். அனுபவத்தைப் பற்றிப் பொய் சொல்வது வேலை தேடுகிறவர்கள் மட்டும்தான் என்பது மாதிரி நாம் பேசிக்கொண்டிருக்கிறோம். 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் வெளியிட்டதை மறந்திருக்க மாட்டீர்கள், அண்ணா பல்கலைக்கழக இணைப்பு அங்கீகாரம் வாங்குவதற்காக ஒரே பேராசிரியரை ஒரே வருடத்தில் பல கல்லூரிகள் தங்கள் முழுநேர ஆசிரியராகக் காட்டியிருந்தன. 353 பேர், 224 கல்லூரிகள் என்பது அவர்கள் வைத்த குற்றச்சாட்டு. பல்கலைக்கழகமும் விசாரித்து, முறைகேடு நடந்ததை ஒப்புக்கொண்டது. உங்கள் பெயரும் வேறெங்காவது பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது, சர்டிபிகேட் அவர்கள் கையில் இருக்கும்போது எதுவும் நடக்கலாம்.

சான்றிதழ் என்பது விற்கிற வாங்குகிற சரக்கு அல்ல, அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும் உரிமை யாருக்கும் இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கல்லூரி முதல்வருக்கு எழுத்தில் கேட்டு, ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள் (ரெஜிஸ்டர் தபால் 2025 செப்டம்பரிலிருந்து அதோடு சேர்ந்துவிட்டது). பதினைந்து நாள் பாருங்கள். வரவில்லையென்றால் வக்கீல் நோட்டீஸ், பெரும்பாலும் அதிலேயே பெட்டி திறந்துவிடும்.

அனுபவத்துக்கு: நியமன ஆணை, பேங்க் பாஸ்புக், படிவம் 16. அப்புறம் விடைத்தாள் திருத்தப் போனீர்களே, அந்தப் பணி ஆணைகள். பல்கலைக்கழகம் கொடுத்த தாள், தேதி, உங்கள் பெயர், கல்லூரிப் பெயர் எல்லாம் அதில் இருக்கும். கல்லூரி தருகிற சான்றிதழைவிட அது பலமானது என்பேன்.

சேர்ந்து மூன்று மாதம் ஆகிவிட்டது, பிஜிவி பற்றிப் பேச்சே இல்லை. சம்பளத்தைக் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருந்தேன். இனி ஒன்றும் வராதுதானே?
*மதுரை*

வரலாம். மூன்று மாதம் எல்லாம் ஒன்றுமே இல்லை, பழைய கம்பெனி பதில் போடாமல் இழுத்தால் ரிப்போர்ட் அதற்கு மேலும் போகும். ஆஃபர் லெட்டரின் கடைசிப் பக்கத்தை எடுத்துப் பாருங்கள், "சரிபார்ப்பின் முடிவுக்கு உட்பட்டது" என்கிற மாதிரி ஒரு வரி இருக்கும், நாம் எல்லோரும் படிக்காமல் கையெழுத்துப் போடுகிற வரி. "கொஞ்சம்" என்றால் எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. போனஸையும் சேர்த்துச் சொன்னேன் என்றால் அதற்குக் கணக்குக் காட்டலாம், தனியாகக் கேட்டு எழுதுங்கள், பார்ப்போம். பேஸ்லிப்பில் கை வைத்திருந்தீர்கள் என்றால் எனக்கு எழுதிப் பிரயோஜனம் இல்லை.